'மார்ட்டல்': ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போவது எப்படி?

அரசு மருத்துவமனையின் பின்பக்கம் போயிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஒரு பழைய கட்டடம், வாசலில் 'மார்ச்சுவரி' என்று பலகை. அதன் முன்னால் வெள்ளை வண்டி ஒன்று, பக்கவாட்டில் 'அமரர் ஊர்தி' என்ற எழுத்து. ஒன்று ஆங்கிலச் சொல். இன்னொன்று தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் வடசொல். ஆனால் 'மார்ச்சுவரி'யில் இருக்கும் 'மார்', 'அமரர்' என்பதில் இருக்கும் 'மர' இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

"ஆமாம், கேட்டாலே தெரிகிறதே" என்று உங்களுக்குத் தோன்றினால், கொஞ்சம் நில்லுங்கள். முடிவு சரிதான். ஆனால் கேட்டாலே தெரிகிறது என்பது காரணம் ஆகாது. சொல்லாராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். நானும் அங்கேதான் சறுக்கினேன், அதைப் பின்னால் சொல்கிறேன். 'மார்ட்டல்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, வேரைத் தேடும் வேலையை எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம்.

முதல் படி: இன்றைய பொருளை எழுதி வையுங்கள்

வேரைத் தேடும் அவசரத்தில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அகராதியைத் திறப்பதற்கு முன், அந்தச் சொல் இன்று எப்படியெல்லாம் புழங்குகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

'மார்ட்டல்' பெயர்ச்சொல்லாக வந்தால் மனிதர், அதாவது சாகப் பிறந்தவர். "நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்" என்று நாம் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான் வரும். உரிச்சொல்லாக வந்தால் இரண்டு திசையில் போகும். ஒன்று, சாகக்கூடிய. இரண்டு, சாகடிக்கக்கூடிய. மார்ட்டல் என்று ஓர் உடலைச் சொன்னால் அது அழியக்கூடிய உடல். ஒரு காயத்தைச் சொன்னால் அது ஆளைக் கொல்லும் காயம். ஒரே சொல், நேர் எதிர்த் திசைகள். எதிரியோடு சேர்ந்தால் ஜென்மப் பகைவன், பயத்தோடு சேர்ந்தால் உயிரே போய்விடும் போன்ற பயம். 'மார்ட்டல் ரிமெய்ன்ஸ்' என்பதை நம் செய்தித்தாள்கள் 'பூதவுடல்' என்று எழுதும், நல்ல பெயர்ப்பு. 'மார்ட்டல் சின்' என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'சாவான பாவம்' என்பார்கள். ஆன்மாவைச் சாகடிக்கும் பாவம் அது, மற்றது அற்பப் பாவம். இதைவிடத் துல்லியமாக இந்தச் சொல்லை யாரும் தமிழாக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியே பக்கத்து வீட்டுச் சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேட்டல், லீத்தல், டெட்லி என்று சாவைக் குறிக்க இன்னும் மூன்று உண்டு. விபத்துக்கு ஃபேட்டல், மருந்தின் அளவுக்கு லீத்தல், காயத்துக்கும் பகைக்கும் மார்ட்டல். நம் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், வேர்கள் வேறு வேறு. ஃபேட்டல் 'சொல்லப்பட்டது' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தெய்வம் சொன்னது, ஆகவே விதி. நம் தலையெழுத்து எழுதப்படுகிறது, அவர்களுடையது சொல்லப்படுகிறது.

இரண்டாம் படி: அகராதியில் அடைப்புக்குறியைத் தேடுங்கள்

நல்ல ஆங்கில அகராதி எதிலும் ஒரு சொல்லின் கீழே, தலைப்புக்குப் பக்கத்திலோ பதிவின் கடைசியிலோ, சிறிய எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள். அதுதான் பிறப்பு வரலாறு. இணையத்தில் தேடுகிறவர்களுக்கு டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி இலவசமாகக் கிடைக்கிறது, தொடங்குவதற்கு அதுவே போதும். ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதி இன்னும் ஆழம். 1884-இல் தொடங்கி 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது அதன் முதல் பதிப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் பழைய நூல்களிலிருந்து தேதி வாரியாக மேற்கோள் காட்டுவதுதான் அதன் பலம். நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

இந்தப் பகுதியை வாசிக்க மூன்று அடையாளங்கள் தெரிந்தால் போதும். இடப்பக்கம் கூர்மையாக இருக்கும் அம்புத்தலைக் குறி, 'இதிலிருந்து வந்தது' என்று பொருள். 'சி.எஃப்.' என்ற சுருக்கம் 'ஒப்பிடுக' என்பது மட்டும்தான். அதை 'இதிலிருந்து வந்தது' என்று படித்துவிட்டால் எல்லாம் கெட்டது. தம்பியை அப்பா என்று சொல்வதுபோல ஆகிவிடும். மூன்றாவது, சொல்லுக்கு முன்னால் வரும் நட்சத்திரம். அதற்குத் தனியாக ஒரு படி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் படி: ஒவ்வொரு நிறுத்தமாகப் பின்னால் போங்கள்

பேருந்தில் ஏறினால் நிறுத்தம் நிறுத்தமாகத்தானே போகும்? இங்கேயும் அப்படித்தான். ஆங்கிலத்திலிருந்து ஒரே தாவலில் சமஸ்கிருதத்துக்கோ தமிழுக்கோ தாவக் கூடாது. நடுவில் எந்த மொழி, எந்த நூற்றாண்டு, அங்கே என்ன வடிவம், என்ன பொருள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

மார்ட்டல் ஆங்கிலத்தில் தென்படுவது 14-ஆம் நூற்றாண்டில். அதற்கு முந்தைய நிறுத்தம் பழைய பிரெஞ்சு, 'மோர்டெல்'. அதற்கும் முன் லத்தீன், 'மோர்டாலிஸ்'. அது 'மோர்ஸ்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது, சாவு என்று பொருள். வேற்றுமை ஏறும்போது அது 'மோர்டிஸ்' என்று ஆகும். நமக்குத் தெரிந்த 'மார்ட்' இங்கேதான் தலைகாட்டுகிறது. போஸ்ட்மார்ட்டம் என்பதும் லத்தீன்தான், 'சாவுக்குப் பின்' என்று பொருள்.

பிரெஞ்சு ஏன் நடுவில் வந்தது? 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு நீதிமன்றம், அரண்மனை, தேவாலயம் எல்லாவற்றிலும் பிரெஞ்சும் லத்தீனும் கோலோச்சின. வீட்டுச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தன, ஏட்டுச் சொற்கள் வெளியிலிருந்து வந்தன. அதனால்தான் ஆங்கிலேயர் வீட்டில் நடப்பது 'டெத்', புள்ளிவிவரத்தில் ஏறுவது 'மார்ட்டாலிட்டி'. நம் ஊரில் தெருவில் சாவு, சான்றிதழில் இறப்பு, பேச்சு மேடையில் மரணம் என்று இருப்பதைப் போல.

அதற்கும் முந்தைய ஆங்கிலத்தில் சாவதற்கு என்ன சொன்னார்கள் என்று தேடினால் இன்னொரு வேடிக்கை. 'ஸ்டார்வ்', அதாவது பட்டினி கிடப்பது என்று நாம் படித்த சொல், பழைய ஆங்கிலத்தில் வெறுமனே சாவதையே குறித்தது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான 'ஷ்டெர்பன்' இன்றும் சாவதுதான். ஆங்கிலத்தில் மட்டும் பட்டினியால் சாவது என்று குறுகி, கடைசியில் "மதியச் சாப்பாடு லேட், ஸ்டார்வ் ஆகிறேன்" என்னும் அளவுக்கு இளைத்துவிட்டது.

'மார்ச்சுவரி' போன வழியையும் பார்த்துவிடுங்கள். முதலில் அது இடமே இல்லை. இறந்தவரின் சொத்திலிருந்து பங்குக் குருவுக்குப் போகும் காணிக்கையைத்தான் அந்தச் சொல் குறித்தது. பிணவறை என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. வேர் அப்படியே இருக்க, பொருள் மட்டும் எங்கோ போய்விட்டது. வேரை வைத்து இன்றைய பொருளைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

நான்காம் படி: நட்சத்திரத்துக்கு அப்பால்

லத்தீனைத் தாண்டினால் அகராதியில் '*மெர்' என்று நட்சத்திரம் போட்ட வேர் ஒன்று வரும், பொருள் 'சாதல்'. நட்சத்திரம் இருந்தால் அந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பேரப்பிள்ளைகளின் முகங்களை ஒப்பிட்டுப் பார்த்து, தாத்தாவின் முகத்தை வரைந்தது போல. வரைந்தவர்கள் கைதேர்ந்தவர்கள்தான், ஆனாலும் அது புகைப்படம் இல்லை.

சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரு பொதுத் தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் 1786-இல் பேசினார். அதற்குப் பிறகு வந்தவர்கள், எந்த மொழியில் எந்த ஒலி என்னவாக மாறும் என்று ஒழுங்குகளைக் கண்டுபிடித்தார்கள். சமஸ்கிருதத்தில் 'ம்ருத', 'ம்ருத்யு' என்று நடுவில் ஓர் 'ரு' வருகிறதே, அந்த இடத்தில் லத்தீனில் 'ஒர்' வரும். இது ஒரு சொல்லில் மட்டும் நடந்தால் தற்செயல் எனலாம். ஹ்ருதயத்தின் 'ஹ்ருத்', லத்தீனில் 'கோர்த்'. நாம் சொல்லும் 'ரெக்கார்ட்' என்பதற்குள் இருப்பது அந்த லத்தீன் இதயம்தான். (முதல் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அறிஞர்கள் இன்னும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். நடுப்பகுதி சரியாக இருக்கிறது.)

இப்போது குடும்பத்தைக் கூட்டலாம். ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான 'மர்டர்' இதே வேர், லத்தீன் வழியாக வராமல் நேரே வந்தது. ரஷ்ய மொழியில் சாவு 'ஸ்மெர்த்'. பழைய பாரசீகக் கல்வெட்டில் மனிதனுக்கு 'மர்தியா', அதாவது சாகிறவன். அதன் வழிவந்த 'மர்த்' என்ற சொல்லை இந்திப் படங்களில் வீரன், ஆம்பளை என்ற பொருளில் கேட்டிருப்பீர்கள். மீசை முறுக்கிச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் 'சாகக்கூடியவன்'.

அப்புறம் 'சாகாத' என்ற எதிர்மறை. சமஸ்கிருதத்தில் 'அ' சேர்த்து 'அம்ருத'. கிரேக்கத்தில் 'அம்ப்ரோதோஸ்', அதிலிருந்து தேவர்கள் உண்ணும் 'அம்ப்ரோசியா'. நடுவில் 'ப' எங்கிருந்து வந்தது? 'ம்'மையும் 'ர்'ரையும் ஒட்டிச் சொல்லிப் பாருங்கள், உதடு பிரியும்போது தானாகவே ஒரு 'ப்' விழும். லத்தீன் 'நுமெருஸ்' பிரெஞ்சு வழியாக 'நம்பர்' ஆனதும் இதே கதைதான்.

அம்ருதம் தமிழுக்கு அமிர்தமாகவும் அமுதமாகவும் அமுதாகவும் வந்தது. வந்தது மட்டுமா, சமையலறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. வைணவ வீடுகளில் ரசத்துக்குப் பெயர் சாற்றமுது, பேச்சில் சாத்தமுது. காய்க்குக் கறியமுது, பாயசத்துக்குத் திருக்கண்ணமுது. மிளகு தட்டிப் போட்டு, பருப்புத் தண்ணீர் விட்டு, நுரை கட்டி வரும்போது இறக்குகிற அந்த ஈயச் சொம்பு ரசத்தின் பெயரில் 'மார்ட்டல்' என்ற ஆங்கிலச் சொல்லின் தூரத்துப் பங்காளி உட்கார்ந்திருக்கிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் கும்பிடும் சுவாமியின் பெயரும் அமிர்தகடேஸ்வரர். எமனை உதைத்த தலம், சாகாமையின் பெயரிலேயே சுவாமி.

வாசலில் பார்த்த 'அமரர்' இந்தப் பக்கத்துச் சொல்தான். 'மர' என்பதற்கு முன்னால் 'அ', சாகாதவர். தேவர்களைக் குறித்த சொல்லை இறந்தவர்களுக்கு வைத்தது ஒரு மரியாதை. செத்தவரைச் சாகாதவர் என்று எழுதிய வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம்.

ஐந்தாம் படி: ஓசையை நம்பாதீர்கள்

இப்போது என் சறுக்கல். பல வருடங்களுக்கு முன், நண்பர்கள் கூடிய ஒரு சின்னக் கூட்டத்தில் இதே குடும்பத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். "கொத்தனார் கலவையை ஆங்கிலத்தில் மார்ட்டர் என்கிறார்களே, தண்ணீர் செத்து இறுகிப் போவதால்தான்" என்று அடித்துவிட்டேன். பின்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மருந்தாளுநர், மெதுவாகக் கேட்டார்: "தம்பி, மருந்து இடிக்கிற கல்வத்துக்கும் மார்ட்டர்தானே பேரு? அதுல என்ன செத்துது?" பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். லத்தீன் 'மோர்தாரியம்' என்றால் இடிக்கிற பாத்திரம். அதில் குழைத்ததால் சுண்ணாம்புக் கலவைக்கும் அதே பெயர். வடிவத்தில் கல்வம் போல இருந்ததால் பீரங்கிக்கும் அதே பெயர். சாவு எங்கும் இல்லை.

'மார்க்' என்பதும் பிணவறைதானே, அதுவும் இந்தக் குடும்பம்தானே என்றால், இல்லை. அது பிரெஞ்சு. ஆளை மேலும் கீழும் முறைத்துப் பார்ப்பதைக் குறித்த சொல். பாரிஸ் சிறையில் புதிய கைதிகளை அடையாளம் தெரிய உற்றுப் பார்க்கும் அறைக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு அடையாளம் தெரியாத உடல்களைக் கிடத்தி வைத்த இடத்துக்கும் போனது.

தமிழ்ப் பக்கமும் இதே ஜாக்கிரதை வேண்டும். மாய்தல், மாளுதல், மடிதல் எல்லாம் 'ம'வில் தொடங்குகின்றன, சாவைத்தான் சொல்கின்றன. ஆனாலும் '*மெர்' குடும்பத்தோடு சேர்க்க வழியில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனிக் குடும்பம் என்று கம்பெனி அதிகாரி எல்லிஸ் சென்னையில் 1816-இலேயே எழுதிவிட்டார், கால்டுவெல் 1856-இல் விரிவாக நிறுவினார். மரணமும் மரித்தலும் வடமொழியிலிருந்து வந்து தங்கியவை. சாவும் இறப்பும் நம்முடையவை. 'இற' என்றால் கடந்து போதல். அதனால்தான் இலக்கணத்தில் 'இறந்த காலம்' என்கிறோம். அங்கே யாரும் சாகவில்லை, காலம் கடந்திருக்கிறது.

'கொல்' என்பதிலிருந்துதான் ஆங்கில 'கில்' வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உங்களுக்கும் வந்திருக்கும். மூன்றாம் படியை அங்கே போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் 1200-ஐ ஒட்டித் தென்படும்போது அதன் பொருள் 'அடித்தல்'. கொல்லுதல் என்பது பிறகு ஏறிய பொருள். பின்னால் போகப் போக 'கொல்' நெருங்கி வர வேண்டும், இங்கே விலகிப் போகிறது. நடுவில் எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த மொழி என்ற கேள்விக்கும் பதில் கிடையாது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் உண்டு, கட்டுமரம் போல. அவற்றுக்கு நிறுத்தங்கள் இருக்கின்றன. தமிழ்ச் சொற்களைச் சரிபார்க்க சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பர்ரோ–எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன.

ஆறாம் படி: கதை அழகாக இருந்தால் தேதியைப் பாருங்கள்

'மார்ட்கேஜ்' என்று எழுதி 'மார்கேஜ்' என்று படிக்கிறார்களே, வீட்டு அடமானம், அது உண்மையாகவே இந்தக் குடும்பம். பழைய பிரெஞ்சில் 'செத்த ஈடு'. ஏன் செத்தது? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் எட்வர்ட் கோக் என்ற ஆங்கிலேய நீதிபதியுடையது. கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடனாளிக்குச் செத்துப்போகும், கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்கு அந்த ஈடு செத்துப்போகும் என்று 1628-இல் வந்த உரையில் அவர் எழுதினார். கச்சிதமான விளக்கம். எனக்கு இப்படிக் கச்சிதமாக இருந்தாலே சந்தேகம்.

ஏனென்றால் சொல் அதைவிடப் பழையது. 1180-களின் கடைசியில் எழுதப்பட்டு, கிளான்வில் பெயரில் வழங்கும் ஆங்கிலச் சட்ட நூலில் வேறு விளக்கம் இருக்கிறது. ஈடாக வைத்த நிலத்தின் விளைச்சல் கடனில் கழிந்துகொண்டே வந்தால் அது உயிருள்ள ஈடு. விளைச்சலைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வார், ஆனால் அசல் ஒரு காசும் குறையாது என்றால் அது செத்த ஈடு.

இரண்டாவதைப் படித்ததும் எனக்கு நம் ஊர் ஒத்திதான் ஞாபகம் வந்தது. ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு வீட்டில் குடியிருப்பீர்கள், வாடகை இல்லை, வட்டியும் இல்லை. மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது அதே ஐந்து லட்சம் திரும்ப வரும். போக்கியம் என்றும் சொல்வார்கள். அசல் அசையாமல் கிடக்கிறது, அனுபவம் மட்டும் நடக்கிறது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று சொல்லவில்லை. ஆனால் 'செத்த' என்று ஏன் சொன்னார்கள் என்பது ஒத்திக்கு இருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். விளக்கங்கள் இரண்டு இருந்தால், சொல் பிறந்த காலத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்டதற்கு முதலிடம் கொடுங்கள்.

ஏழாம் படி: சொல்லை மறுபடி இன்றைக்குக் கொண்டு வாருங்கள்

வேரோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான். 'மார்ட்டாலிட்டி' முதலில் சாகும் இயல்பு, அப்புறம் பெருஞ்சாவு, கொள்ளைநோய். எண்ணிக்கைப் பொருளை ஊன்ற வைத்தது லண்டன். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே வாரா வாரம் சாவுப் பட்டியல் அச்சிட்டு விற்றார்கள். செத்த வீட்டுக்குப் போய்க் காரணம் பார்த்து வருவது வயதான பெண்களின் வேலை. காரணங்களில் 'பல்' என்று ஒன்று இருக்கும், பல் முளைக்கும் பருவத்தில் இறந்த குழந்தைகள் அந்தக் கணக்கில். துணி வியாபாரியான ஜான் கிரான்ட் இந்தத் தாள்களைச் சேர்த்து வைத்துக் கூட்டிப் பார்த்து, 1662-இல் ஒரு புத்தகமாகப் போட்டார். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பிறப்பதைக் கணக்கில் காட்டியவர் அவர்.

இன்று செய்தி வாசிக்கையில் குழப்பம் வருவது இந்தப் பொருளில்தான். ஓர் ஊரில் ஒரு லட்சம் பேர், 200 பேருக்குக் காய்ச்சல், 10 பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் வந்தவர்களில் இறந்தவர் 5 சதவீதம், இதற்குப் பெயர் கேஸ் ஃபேட்டாலிட்டி. ஊர் மொத்தத்தில் இறந்தவர் லட்சத்துக்கு 10, இது மார்ட்டாலிட்டி. இரண்டையும் 'இறப்பு விகிதம்' என்றே எழுதிவிட்டால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம். சிசு மரண விகிதம் 1,000 உயிருள்ள பிறப்புக்கு, தாய்மார் மரண விகிதம் 1,00,000 உயிருள்ள பிறப்புக்கு என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'மார்பிடிட்டி' என்று பக்கத்திலேயே வரும், அது நோய்க் கணக்கு. லத்தீனில் நோய்க்கு 'மோர்புஸ்', பெயர் ஒலிதான் ஒத்திருக்கிறது.

சரி, பயிற்சிக்கு ஒன்று. வீட்டுக் கடன் வாங்கியவர்களிடம் வங்கி ஒரு நீளமான அட்டவணை கொடுத்திருக்கும். மாதா மாதம் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கடைசி வரியில் பூஜ்யம் வரும் வரை. அதன் தலைப்பில் 'அமார்டைசேஷன்' என்று இருக்கும். முதல் படியிலிருந்து தொடங்குங்கள். முன்னால் நிற்கும் 'அ'வைப் பார்த்து 'அமரர்' மாதிரி எதிர்மறை என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு 'அ'.